வீமனின் உப்பில்லாக் கஞ்சி

1

இந்தக் கதை எனக்கு வேலிப் பொட்டுக்குள்ளால் கிடைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்: கிடுகு வேலியில் நாய் புகுந்து புகுந்து உண்டாக்கிய ஓட்டை அது, அதற்குள்ளால் அடுத்த வீட்டு வளவை எட்டிப் பார்த்தேன். தெல்லிப்பழையில் நான் வாத்தியார். வாத்தியார் எட்டிப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

முதல் வசனத்தை இப்படி எழுதினேன்: '1937ஆம் வருடம் ஐப்பசி மாதம் ஒரு நாய்க்கு வயிற்றோட்டம் கண்டது.' ஊர்த் தலைமைக்காரர் விதானையாரின் அறிக்கை மாதிரி இருந்தது. வெட்டிவிட்டேன். அடுத்தது: 'இராசமலர் கண்ணீர் ததும்ப...' அதுவும் பொய். அவள் அழவில்லை.

2

நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த வளவில் பரமலிங்கமும் மனைவி இராசமலரும் இருந்தார்கள். புகையிலைத் தோட்டம் இருந்தது, அந்த வருடம் வந்து சேர்ந்த வீமன் என்றொரு நாய் இருந்தது, பிள்ளை இல்லை. பிள்ளைக்காக இராசமலர் கந்தசட்டி விரதம் பிடித்தாள். ஆறு நாளும் வெறும் தண்ணீர். அப்படி ஆறு வருடம் பிடிக்கவேண்டும். அது ஆறாவது வருடம். ஒரு பருக்கை வாயில் பட்டாலும் ஆறு வருடமும் வீண் என்று அவள் நம்பினாள்.

விரதத்துக்கு முன் தீபாவளி, தீபாவளிக்கு ஊரார் சேர்ந்து ஆடடித்துப் பிரிக்கும் பங்கு இறைச்சி. விரதம் தொடங்கும் வீட்டில் மச்ச மாமிசம் ஒரு சொட்டும் இருக்கக்கூடாது. ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். தான் சாப்பிட்டு மிஞ்சிய கறியை, தூளும் எண்ணெயும் எலும்புமாக, வீமனுக்குக் கவிழ்த்துவிட்டுச் சட்டியைப் பரணில் ஏற்றினாள். வீடு சுத்தமாயிற்று. வீமனின் வயிற்றை யாரும் யோசிக்கவில்லை.

(என் வீட்டு நாய்க்கும் அன்று அதே கறிதான். அது தப்பிவிட்டது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

3

இரண்டு நாள் வீமனுக்கு வாயால் சத்தி, பின்னால் கழிச்சல். இராசமலர் அள்ளுவாள், முழுகுவாள், மறுபடி அள்ளுவாள். மாட்டுப் பரியாரி ஏரம்பு வந்து வீமனின் வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"இண்டைக்குத் தண்ணி மட்டும் குடு பிள்ளை. நாளைக்குப் பச்சையரிசியைக் குழைய அவிச்சு ஒரு சிரட்டை குடு. உப்பு, தூள் ஒண்டும் போடாதை. அது உள்ளை தங்கினால் தப்பும்."

"தங்காட்டில்?"

ஏரம்பு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள், நாலு நாள் பட்டினி கிடந்தவள் கஞ்சி வைத்தாள். வாசனை என் முற்றம் வரை வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்த எனக்கே வாயூறியது. தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, ஊதி ஆற்றி வைத்தாள். வீமன் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பினான்.

"அவனுக்குப் பசியில்லை, விடு" என்றார் பரமலிங்கம்.

"பசியிருக்கு. நான் வாய் வைக்காததை உவன் ஒருநாளும் தொட்டதில்லை. உங்களுக்குத் தெரியாதே?"

தெரியும். ஊருக்கே தெரியும். பரமலிங்கம் தானே ஒரு வாய் குடித்துக் காட்டினார். வீமன் இராசமலரைப் பார்த்தபடியே கிடந்தான். விலா எலும்புகள் ஏறி இறங்கின.

"ஆறு வருசமப்பா" என்றார் பரமலிங்கம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

4

இங்கே இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவள் குடிக்கிறாள், முருகன் மன்னிக்கிறார். மற்றதில் அவள் குடிக்கவில்லை, வீமன் விளங்கிக்கொண்டு தானாகக் குடிக்கிறான். முதலாவதில் கடவுள் பெரியவர், இரண்டாவதில் நாய் பெரியவன். இரண்டிலும் அவள் சின்னவளாகிப் போகிறாள். மூன்றாவதில் அவள்... வேண்டாம்.

நான் கண்டது இவ்வளவுதான். அவள் கைகழுவி வந்து நாயின் முன் நிலத்தில் குந்தியிருந்தாள். சிரட்டையை எடுத்தாள், முகத்துக்கு நேரே உயர்த்தினாள். பிறகு, திரும்பாமலே சொன்னாள்:

"வேலிக்கு அங்காலை நிக்கிற அண்ணை, கொஞ்சம் மற்றப் பக்கம் பாருங்கோ."

திரும்பிவிட்டேன். என் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையும் எனக்கு அப்படிக் கீழ்ப்படிந்ததில்லை. சற்று நேரத்தில் வீமன் நக்கிக் குடிக்கும் சத்தம் கேட்டது. அப்போதும் நான் திரும்பவில்லை. கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன. யாரைக் கும்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

கஞ்சி தங்கியது, வீமன் பிழைத்தான். விரதம் முடிக்கும் பாறணையன்று இராசமலரும் எல்லாரோடும் கோயிலுக்குப் போனாள். அவளிடம் நான் கேட்கவில்லை. அவள் முருகனிடம் என்ன சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியாது.

அவள் குடித்தாளா? வாசகரே, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதி முடிக்கும்வரை நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.