பாதிப் படம் கடல்

குன்வோர் என் தம்பி பெண்டாட்டி. உயிருக்கு ஆபத்து என்றால் என் சிறுநீரகத்தைக்கூட அவளுக்குக் கொடுப்பேன், முணுமுணுத்துக்கொண்டாவது. முல்த்தே பழுக்கிற என் சதுப்பை மட்டும் காட்டமாட்டேன்.

வடக்கு நோர்வேயில் யார்தான் காட்டுவார்கள்? சதுப்பில் செடிக்கு ஒன்றாக நிற்கும் அந்த ஆரஞ்சுப் பழத்தை எங்கள் மலையில் எவன் வேண்டுமானாலும் பறிக்கலாம். அதனால்தான் வாயை மூடிக்கொள்கிறோம். என் இடம் எனக்கும் தம்பி ஒட்வாருக்கும் மட்டுமே தெரியும். கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும் அவன் பெண்டாட்டியிடம் மூச்சுவிட்டதில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் அவள் என் மேல்தான் காட்டினாள். கிறிஸ்துமஸுக்கு நான் முல்த்தேயில் கிரீம் அடித்து வைத்தால், மூன்று கிண்ணம் தின்றுவிட்டு, "கொஞ்சம் புளிப்பு, அண்ணி" என்பாள். கடன்காரி.

ஒட்வாரின் அறுபதாம் பிறந்தநாளுக்கு அவள் ஒரு யோசனை சொன்னாள். இணையத்தில் நமக்கென்று ஒரு மலை வரைபடம் செய்து வாங்கலாமாம். திரையில் ஒரு சட்டத்தை நகர்த்தி வேண்டிய இடத்தில் வைத்தால் போதும். தலைப்பும் அட்டைப் புகைப்படமும் நம் விருப்பம். நனையாத தாளில் அச்சடித்துத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். அதை அவர்களுடைய மலைவீட்டுச் சுவரில் மாட்டப்போகிறாள்.

என் சதுப்பு எல்லா வரைபடத்திலும் இருக்கிறதுதான், நூறு சதுப்புகளில் ஒன்றாக. ஆனால் சுவரில் தொங்கினால் வருகிறவன் போகிறவனெல்லாம் காபியும் கையுமாக நின்று அதையே மேய்வான். காற்றுப் படாத தெற்குச் சரிவில் ஈரமான பள்ளம் எது என்று உயரக்கோடுகளே சொல்லிவிடும்.

"நீ எதுக்கு அலட்டிக்கிற? நான் பண்ணித் தரேன்" என்றேன்.

"அண்ணிக்கு என்ன திடீர்ப் பாசம்?"

"என் தம்பிக்குடி. உனக்கில்ல."

அன்று சாயங்காலமே உட்கார்ந்து சட்டத்தை நகர்த்தினேன். சதுப்பு மேல் விளிம்புக்கு வெளியே விழும்வரை தெற்கே இழுத்தேன். 'ஒட்வாரின் மலை' என்று தலைப்புப் போட்டு, கொட்டாவி விடுகிற அவன் புகைப்படத்தை அட்டையில் வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், சனியன்.

பிறந்தநாளன்று வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியுமாக மலைவீடு நிறைந்திருந்தது. பக்கத்து மலைவீட்டு ஸ்டைனார் சுவரில் மாட்டிய வரைபடத்தின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தான்.

"யோவ் ஒட்வார், உன் வீட்டக் காணோமேய்யா?"

வீடு மேலே விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் இப்படிப் படம் செய்கிற எவனும் முதலில் தன் வீட்டைத்தான் நட்ட நடுவில் வைப்பான். அது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்குக் கீழே கொஞ்சம் மலை, அப்புறம் தாள் முழுக்க நீலம்.

"பாதிப் படம் கடல்! மலையேறுற மனுசனுக்கு மீன் புடிக்கிற படம் குடுத்திருக்காங்கப்பா!" என்று ஸ்டைனார் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஒட்வார் சிரிக்கவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது, என்னைப் பாவமாகப் பார்த்தான்.

குன்வோரும் சிரிக்கவில்லை. மேல் விளிம்பில் வெட்டுப்பட்டு நின்ற கோடுகளை நகத்தால் மெதுவாகத் தடவினாள்.

"கடலும் அழகுதானே" என்றேன்.

"ரொம்ப அழகு, அண்ணி. வடக்குலதான் ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

ஆகஸ்டில் வாளியோடு சரிவில் ஏறினேன். என் சதுப்பின் நடுவில் சிவப்பு மழைச்சட்டை ஒன்று குனிந்திருந்தது. பக்கத்தில் இரண்டு வாளி, ஒன்று நிறைந்துவிட்டது.

"வாங்க அண்ணி. கீழ்ப்பக்கம் பறிச்சிட்டேன், நீங்க மேல பாருங்க."

"நாசமாப் போறவளே! யாருடி சொன்னது? அவனா?"

"அவரா? இத்தன வருசமா கெஞ்சினேன், அழுதேன், ஒரு மாசம் பேசாமக்கூட இருந்தேன். கல்லுளிமங்கன் மாதிரி இருந்தாரு. நீங்கதான் படமே போட்டுக் குடுத்தீங்க." ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள். "அத இறக்கிட்டேன். வேற வரச் சொல்லியிருக்கேன், வீடு நடுவுல இருக்கிற மாதிரி. நீங்க செஞ்சத நாலு பேர் பாத்தா வெவரம் வெளிய போயிரும்."

அவளைப் பிடித்து அந்தச் சேற்றிலேயே அமுக்கிவிடலாமா என்று இருந்தது. வாளியை ஓங்கியேவிட்டேன்.

அப்போது கீழே பேச்சுக்குரல். ஸ்டைனாரும் அவன் மனைவியும், ஆளுக்கொரு வாளியோடு, ஒவ்வொரு பள்ளமாக எட்டிப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்கள்.

குன்வோர் தொப்பென்று குப்புற விழுந்தாள். சிவப்புச் சட்டையைப் பாசியில் புதைத்துக்கொண்டு, என் காலைப் பிடித்து இழுத்தாள். நானும் விழுந்தேன். சில்லென்ற தண்ணீர் கழுத்துவரை ஏறியது. அவள் மூச்சு என் காதில் அடித்தது.

"தலையத் தூக்காதடி, முண்டம்" என்றாள்.

எனக்கு எட்டு வயது சின்னவள், என்னை 'டி' போடுகிறாள். நான் தலையைத் தூக்கவில்லை.