துளசிங்கத்தின் கயிறு

இடைவேளை முடிந்து முதல் ஆளாகப் பாடிப் போன தனக்கோடி, எதிராளிகளின் களத்தில் பாதி தூரம் போய்ச் சட்டென்று நின்றுவிட்டாள். வாய் மட்டும் "கபடி கபடி" என்று ஓடிக்கொண்டிருந்தது, கால் நகரவில்லை. தாண்டியே ஆக வேண்டிய கோட்டைத் தாண்டாமல் வந்த வழியே திரும்பினாள். நடுவர் விசில் ஊதி அவளை வெளியே உட்காரச் சொன்னார். அந்தக் கோட்டைத் தாண்டாமல் திரும்பினால் ஆள் அவுட் என்பது பழவேற்காட்டில் மூக்கு ஒழுகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தமிழ்நாட்டுக்கே ஆடியவளுக்குத் தெரியாதா? ஓரத்தில் நின்றிருந்த அவள் புருஷன் துளசிங்கம் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு களத்தை எட்டிப் பார்த்தான்.

இது சும்மா ஆட்டம் இல்லை. வெளிநாடு போகிற இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு ஆள் பொறுக்க, எலிசபெத் மேடம் மெட்ராஸிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். தனக்கோடி லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் அண்ணன்மார்களோடு சடுகுடு ஆடி வளர்ந்தவள். அப்புறம் மாவட்டம், மாநிலம், ரயிலேறி நாக்பூர், கல்கத்தா. கல்யாணம், பிள்ளை என்று வீட்டோடு கிடந்துவிட்டு, இந்த எண்பத்திரண்டில்தான் மறுபடியும் களத்துக்கு வந்திருந்தாள். "புள்ள பெத்தவ டிராயர் போட்டுக்கினு ஓடறா பாரு" என்று குப்பம் வாய்க்கு வந்ததைப் பேசியது. துளசிங்கம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் கரையில் அவளோடு ஓடினான். அவனுக்கு மூச்சு வாங்கும், பிள்ளை சிரிக்கும். இந்த முறை விட்டால் இனிமேல் இல்லை, வயசு நிற்காது என்று அவளே சொல்லியிருந்தாள்.

முதல் பாதியில் அவள் ஆடிய ஆட்டத்தில் எலிசபெத் மேடம் நாற்காலியின் நுனிக்கே வந்திருந்தார். இப்போது பின்னால் சாய்ந்துகொண்டு, "கிட்ட போக பயப்படுறா. பிள்ளை பெத்த உடம்பு, முன்ன மாதிரி வராது" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது துளசிங்கத்தின் காதில் விழுந்தது. பயமா? அவளுக்கா? கல்யாணமான புதிதில் விளையாட்டாகக் கையைப் பிடித்த புருஷனைக் குப்புறத் தள்ளியவள் அவள்!

தன் அணி எதிராளி ஒருத்தியை அவுட் ஆக்கியதும் உள்ளே வந்தவள் மறுபடியும் பாடிப் போனாள், மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். இந்த முறை துளசிங்கம் அவள் காலைப் பார்த்தான். கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னால் கயிறு கிடந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கயிறு அவனுடையது.

முந்தின நாள் மழையில் மைதானத்தின் அந்தப் பாதியில் தண்ணீர் தேங்கி, மணல் கொட்டியும் தாண்ட வேண்டிய அந்தச் சுண்ணாம்புக் கோடு மட்டும் நிற்கவில்லை. கயிறு இருந்தால் கட்டிவிடலாம் என்று யாரோ சொன்னதுதான் தாமதம், துளசிங்கம் பெரிய மனுஷன் மாதிரி ஓடிப்போய்த் தன் வலைக்கயிற்றைக் கொண்டுவந்து முளையடித்துக் கட்டினான். மறுநாள் ஏரியில் அவனுக்குப் பாடு. ஊர் சீட்டுப்போட்டு முறைவைத்துக் கொடுக்கிற மீன் இடம். அதற்காக வாங்கிய புதுக்கயிறு. மஞ்சள் தடவிப் படைத்து வைத்தவளே தனக்கோடிதான். வலையையும் வலைக்கயிற்றையும் பெண்பிள்ளை தாண்டக் கூடாது, தாண்டினால் மீன் படாது. குப்பத்தில் தவழ்ந்து எழுந்த பெண் குழந்தைக்கு அதுதான் முதல் பாடம். வெளியூர்ப் பெண்கள் தாண்டியதை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை. முதல் பாதியில் அந்தப் பக்கம் அவள் அணியின் களமாக இருந்தபோது, தனக்கோடி கயிற்றைச் சுற்றிக்கொண்டு போய் நின்றதைப் பார்த்தும் யோசிக்கவில்லை. மகா புத்திசாலி!

அவனுடைய ஒரு நாள் மீனுக்காக அவள் எல்லாவற்றையும் விட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கயிற்றைப் பிடுங்கலாம் என்றால், களத்துக்குள் கால் வைத்தால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள்.

பக்கத்தில் நின்ற குப்பத்துப் பெரியவர் ஆதிகேசவன் அவன் தோளைத் தட்டினார். "மரியாத தெரிஞ்ச பொண்ணுடா துள்சி. எங்க போனாலும் வலைய மதிக்கிறா பாரு."

மறுபடியும் அவுட்டாகி, மறுபடியும் உள்ளே வந்த தனக்கோடி மூன்றாவது முறையாகப் பாடப் புறப்பட்டாள். ஆட்டம் முடியப் போகிற நேரம்.

"தனம்! தாண்டுமே!" என்று துளசிங்கம் கத்தினான். "கவுறு என்னுது. நான் சொல்றேன், தாண்டு!"

மைதானம் திரும்பிப் பார்த்தது. ஆதிகேசவன் அவன் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னாடா பேசற? நாளிக்கி உன்கூட எறங்கறவன்லாம் வெறுங்கையோட வர்றதா?"

"மீன் படலன்னா அடுத்த பாட்ல என் பங்கும் அவுங்களுக்கே. போதுமா நைனா?"

தனக்கோடி கயிற்றடிக்குப் போயிருந்தாள். பாட்டை விடாமல் குனிந்து, கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இது என்ன புதுத் தந்திரம் என்று எதிராளிகள் முழித்த நேரத்தில் தாண்டினாள். ஒருத்தியைத் தொட்டாள். திரும்புவதற்குள் இரண்டு பேர் இடுப்பிலும் ஒருத்தி காலிலும் விழுந்தார்கள். கரைக்கு வலை இழுக்கிறவளைப் போல அவள் மூன்று பேரையும் மணலில் இழுத்துக்கொண்டே வந்து, நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிப் போட்டாள். எலிசபெத் மேடம் எழுந்து நின்றுவிட்டார். துளசிங்கம் போட்ட கூச்சலில் தோளிலிருந்த பிள்ளை வீறிட்டு அழுதது.

முகாமுக்கு யார் யார் என்று தபாலில் வரும் என்று சொல்லிவிட்டு மேடம் கிளம்பிப் போனார். தனக்கோடி முழங்கையில் ரத்தத்தோடு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னா மாமா, நாளிக்கி மீன் படலன்னா?"

"படலன்னா படல. நீ போய்ட்டு வா."

"இன்னும் கூப்புடவே இல்ல."

"கூப்புடுவாங்க."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பை மறைக்கத்தான்.

துளசிங்கம் முளையைப் பிடுங்கக் குனிந்தபோது கயிறு அதிர்ந்தது. அதுவரை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த குப்பத்துச் சிறுமிகள் அதன் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஆதிகேசவனின் பேத்தியும் அவர்களில் இருந்தாள். அதட்ட வாயெடுத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார். துளசிங்கம் முளையிலிருந்து கையை எடுத்தான். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தனக்கோடி மறுமுனைக்குப் போய், கயிற்றை அவிழ்த்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். ஆதிகேசவனின் பேத்தி ஓடிவந்து தாண்டுவதற்காக, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனாள்.