ஆறாவது ஸ்லைடு

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது என்று சொன்னால் அது பச்சைப் பொய். டேப்லெட்டில் மட்டும் வெளிவரும் ஒரு மாத இதழின் ஆசிரியர் கூப்பிட்டார். "விரலால தள்ளித் தள்ளிப் படிக்கிற மாதிரி ஒரு கதை குடுங்க. அஞ்சு ஸ்லைடு. ஒவ்வொண்ணுலயும் ஒரு படம், கொஞ்சம் எழுத்து, அவ்வளவுதான்" என்றார். "ஆஹா, ரொம்ப நாளா மனசுல ஊறிக்கிட்டிருக்கிற வடிவம்" என்று அளந்துவிட்டேன். அந்த நொடிவரை அப்படி ஒரு வடிவம் இருப்பதே எனக்குத் தெரியாது.

எழுதிய முதல் வரி: அந்திச் சூரியன் தன் செங்கதிர்களை

வேண்டாம். இரண்டாவது: அவன் கதவைத் திறந்தபோது உள்ளே

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டேன். மூன்றாவது ஆரம்பம் பிரமாதம். அதை அனுப்பினேன்.

2

மறுநாள் இதழின் வடிவமைப்பாளர் போன் செய்தார்.

"சார், உங்க முதல் ஸ்லைடு பெட்டிக்குள்ள நிக்கல. ஒரு உவமையை எடுத்தா நிக்கும்."

"எந்த உவமையைம்மா?"

"எதை எடுத்தாலும் பரவாயில்ல சார்."

அலுவலகத்தில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பட்டப்பெயர். நூலிழை விலகினாலும் கண்ணில் பட்டுவிடும். உவமை போன துக்கத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன்: இவரையே கதாபாத்திரமாக்கிக் கிழி கிழி என்று கிழிப்பது. பழைய கதையைத் தூக்கி எறிந்துவிட்டு, சிடுசிடுப்பான ஒரு வடிவமைப்பாளரைப் பற்றி எழுதி அனுப்பினேன். அதையும் அவர்தான் ஸ்லைடில் போட வேண்டும் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அது.

(அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'சிடுமூஞ்சி' என்ற சொல்லை மட்டும் வரியின் நடுவில் துல்லியமாக நிறுத்தியிருந்தார்.)

3

இனி மில்லிமீட்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், அடுத்த பகுதியில் மாட்டிக்கொள்கிறேன்.

படம் கைக்கு வரும்வரை காலிப் பெட்டியை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. ஏதாவது ஒரு படத்தை 'டம்மி'யாகப் போட்டு அளவு பார்ப்பார்கள். மற்றவர்கள் பூ, மலை என்று போடுவார்கள். மில்லிமீட்டருக்கு எப்போதும் ஒரே படம்தான். ஒரு மழைக்கோட்டுக்குள் இரண்டு சிறுமிகள். பெரியவள் தலையை மேலே நீட்டியிருக்கிறாள், சின்னவள் பொத்தான்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கிறாள். "எந்த அளவுக்கு வெட்டினாலும் ஒரு முகமாவது மிஞ்சும், அதான்" என்று பக்கத்து நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தார்.

உண்மை வேறு. பெரியவள் அவருடைய அக்கா. அக்கா பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அக்கா மகள் கல்யாணத்தன்று ஏதோ ஒரு ஸ்லைடின் பொத்தான் வேலை செய்யவில்லை என்று அலுவலகத்திலிருந்து அழைப்பு. மண்டபத்தின் மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்தார். "சித்தி எங்க, சித்தி எங்க" என்று மேடையில் தேடிவிட்டுக் குடும்பப் படத்தை எடுத்து முடித்தார்கள். "என் பொண்ணு கல்யாணப் படத்துல நீ இல்ல. இனிமே அந்தக் கண்ணாடிப் பலகையே உனக்குக் கூடப்பிறப்பா இருக்கட்டும்" என்றாள் அக்கா. அதோடு சரி. தினமும் அந்த முகத்தைப் பார்க்க மில்லிமீட்டருக்கு டம்மிதான் சாக்கு.

4

சோதனைப் பிரதி வந்தது. மனைவியின் டேப்லெட்டை வாங்கினேன். "தள்ளச் சொன்னா மாவு பிசையறீங்களே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல், முதல் ஸ்லைடிலேயே எதிர்ப்பக்கமாகத் தள்ளினேன். இரண்டு சிறுமிகளும் ஒரு மழைக்கோட்டும் வந்து நின்றார்கள்.

"கதையில மழையே இல்லையேம்மா?" என்று போனில் கேட்டேன்.

"ஐயையோ! டம்மி சார் அது. அழிக்க மறந்துட்டேன். சரிபாக்கறப்ப நான் அமுக்கற அம்புக்குறி அதைத் தாண்டிப் போயிடும், அதான் கண்ல படல. முதல் ஸ்லைடுலேருந்து பின்னாடி தள்ளினாத்தான் வரும். யார் சார் அப்படித் தள்ளுவாங்க?"

"நான்தாம்மா தள்ளினேன்."

"உங்களைச் சொல்லல சார்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "எங்க அக்கா தள்ளுவா. எந்தப் புத்தகம் எடுத்தாலும் கடைசிப் பக்கத்துலேருந்துதான் ஆரம்பிப்பா. இந்த இதழுக்கு அவ பேர்ல சந்தா கட்டினது நான்தான். இன்னும் மாசாமாசம் இறக்கிக்கறான்னு எனக்குத் தெரியுது. பேசறதுதான் இல்ல."

மீதி எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். சொல்லும்போது அழுதார். நான் அவரைச் சிடுமூஞ்சி என்று எழுதியிருந்தேன்.

"அப்ப படம் இருந்துட்டுப் போகட்டுமேம்மா."

"ஆசிரியர் பாத்தா சீட்டு கிழிஞ்சிடும் சார். பக்கத்து சீட்டுக்காரர் இப்படி ஒரு டம்மியை விட்டுத்தான் வீட்டுக்குப் போனார்."

ஆக, படம் இருந்தால் வேலை போகும், எடுத்தால் அக்காவை எட்டும் ஒரே வழி போகும். நாளை மதியம் இதழ் வெளியாகிறது.

5

என் கை சும்மா இருக்குமா? சிடுமூஞ்சிக் கதையைக் கிழித்துவிட்டு நீங்கள் படிக்கும் இதை எழுதினேன். 'போடலாமா?' என்று கேட்டு, மூன்று முடிவுகளோடு அவருக்கே அனுப்பினேன். ஓரக்குறிப்புகளோடு திரும்பி வந்தது.

முடிவு அ: அக்கா படத்தைப் பார்க்கிறாள். கண்ணீர்த் துளி திரையில் விழ, ஸ்லைடு தானே நகர்கிறது.

[ஈரம் பட்டா திரை மக்கர் பண்ணும் சார். எங்க அக்கா அழ மாட்டா, திட்டுவா.]

முடிவு ஆ: ஆசிரியர் கண்டுபிடிக்கிறார். மில்லிமீட்டர் வேலையைத் துறந்து, தலை நிமிர்ந்து, நெடுஞ்சாலையில்

[வேலை போனா நான் ஏன் சார் நெடுஞ்சாலைக்குப் போகணும்?]

முடிவு இ: அக்கா இந்த இதழைத் திறக்கவே

இதற்குக் குறிப்பு இல்லை. வாக்கியத்துக்குக் கீழே இடத்தைக் காலியாக விட்டிருந்தார். மூன்றையும் மூட்டை கட்டிவிட்டேன். இன்னொருத்தியின் அக்காவுக்கு முடிவு எழுத நான் யார்?

கடைசியில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: [போடுங்க சார். பேரைத்தான் போடலையே.]

6

ஆசிரியர் அவர்கள் கவனத்துக்கு: டம்மி படம் அழிக்கப்பட்டுவிட்டது, தேட வேண்டாம். 'ஆறாவதா ஒரு ஸ்லைடு வேணும், படம் வேண்டாம், பின்னாடி தள்ளினாலும் வரணும்' என்று நான் கேட்டபோது, 'புதுமையா இருக்கு' என்று தலையாட்டியவர் நீங்கள்தான்.

முதலிலிருந்து படித்து வந்த வாசகருக்கு: மன்னிக்கவும், உங்களுக்கு முடிவு இல்லை. அது வேறொருவர் கையில் இருக்கிறது. பின்பக்கமாகத் தள்ளி வந்தவருக்கு இந்த ஸ்லைடுதான் ஆரம்பம். கீழே இருப்பது நான் எழுதியது அல்ல, வடிவமைப்பாளரே போட்டுக்கொண்டது. பெட்டிக்குள் சரியாக நிற்கவில்லை. வலது ஓரத்தில் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது. அவர் அதைத் திருத்தவில்லை.

அக்கா, நீ இங்கேருந்துதான் படிப்பேன்னு தெரியும். லேப்டாப்பை மூடிட்டேன். கூப்பிட்டுத் திட்டு.