நாற்பத்தொன்று

1993. ஞாயிறு பூசை முடிந்ததும் பூந்தமல்லி பங்குக் கூடத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை. தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் முப்பத்தைந்து தாண்டியவர்கள் எல்லோரும் செய்துகொள்ள வேண்டும் என்று முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மா சொல்லியிருந்தார். விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா இருந்த என்னை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். பெயரும் வயதும் சீட்டில் எழுத வேண்டும். கண்ணாடித் தகட்டில் எண் கீறி, சீட்டோடு திரைக்குள் இருக்கும் நர்ஸிடம் அனுப்ப வேண்டும். மாதிரி பூசப்பட்டு அது திரும்பி வந்ததும், காய்வதற்குள் ஸ்பிரிட்டில் இறக்க வேண்டும். பேச வேண்டியது குறைவு. அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

இருபத்தேழாவதாக அம்மா வந்தாள்.

"பேரு?" என்றேன், பழக்கத்தில்.

"பெத்தவ பேரு தெரியாதாடி? லூர்தம்மாள்." வரிசை சிரித்தது.

"வயசு?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்றது வரலட்சுமி. அம்பத்தூர் கம்பெனியில் அம்மாவின் சூப்பர்வைசர்.

"முப்பத்திமூணு."

என் பேனா நின்றது. ஒன்பது வருடங்களுக்கு முன், அப்பா இறந்த வருடம், அந்தக் கம்பெனியில் இருபத்தைந்துக்கு மேல் ஆள் எடுக்கவில்லை. முப்பத்திரண்டு வயது அம்மா இருபத்துநான்கு என்று எழுதிக் கொடுத்தாள். அந்தப் பொய்தான் என்னைப் படிக்கவைத்தது. இப்போது அதையே எழுதினால், முப்பத்தைந்து ஆகவில்லை என்று சோதனை கிடையாது. உண்மையை எழுதினால் வேலை போகலாம். ரகசியமாக எழுதவும் வழியில்லை. திரைக்குள்ளிருந்து நர்ஸ் பெயரையும் வயதையும் உரக்கப் படித்துத்தான் கூப்பிடுவார்.

"அம்மா," என்றேன். குரல் எழவில்லை. மறுபடி சொன்னேன். "எனக்கு இருபத்தொண்ணும்மா."

வரிசையில் யாரோ ஒருத்தி கணக்குப் போட்டுவிட்டாள். "அடியே லூர்து, பன்னண்டு வயசுலயா புள்ள பெத்த?"

கூடமே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு மேசையில் கையூன்றி, எல்லோருக்கும் கேட்கும்படி, "நாப்பத்தொண்ணு போடு," என்றாள். வரலட்சுமி பக்கம் திரும்பினாள். "கேட்டுகினல்ல? நாளைக்கி இன்னா வேணா எழுதிக்க."

"இன்னாத்த எழுதறது? ஞாயித்துக்கெயமகூட ரிஜிஸ்டரத் தூக்கினு வருவேனா? சீக்கிரம் போம்மே, எனக்கு பஸ்ஸு கீது."

அம்மா தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஷிப்டுக்குப் போகிற நடையில் திரைக்குள் போனாள்.

வரலட்சுமி என்னிடம் குனிந்தாள். கம்பெனியில் அவளுக்கு நாற்பத்தைந்து என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"அம்பத்திரெண்டு. சத்தமா படிக்க வேணாம்னு அந்த நர்சாண்ட சொல்லு."

முடிவு வர இரண்டு வாரமாகும். ஸ்பிரிட் ஜாடியில் இருபத்தேழும் இருபத்தெட்டும், ஒன்றையொன்று தொடாமல், நிமிர்ந்து நின்றன.