ஏரிக்கரை அறையில் ஒரு தலையசைப்பு

பிப்ரவரி 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். வித்தர்ஸ் பேசும்போது தலையை ஆட்டிவிட்டேன்.

எழுதிவிட்டு மாரித் அந்த வரியையே பார்த்தாள். சின்னத் தப்புதானா? 'சின்ன' என்பதை அடித்தாள். பிறகு, மிகையோ என்று தோன்றவே, மேலே மறுபடி எழுதினாள்.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டே மாலை வகுப்பும் எடுக்கிறவள் அவள். அவளைப் போன்றவர்களின் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் குளிர்காலம் முழுக்கப் பேச்சுவார்த்தை. மாநில அரசு நிதியை வெட்டிவிட்டது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இனி வகுப்பெடுக்கும் வேலை கிடையாது என்றது நிர்வாகம். அந்தச் சம்பளத்தில்தான் படிப்பு; வேலை போனால் அதுவும் போகும். மாரித்தின் பக்கத்து மேசைக்காரி நோயெமிக்கு வருகிற செப்டம்பரில் ஆறாம் ஆண்டு. ஏரிச் சேற்றில் புதைந்த மகரந்தத்தை வைத்து, எப்போதோ அழிந்த காடுகளைத் தேடும் அவள் ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

பேச்சுவார்த்தை அறையில் உறுப்பினர் யாரும் வந்து உட்காரலாம். ஆனால் சங்கத்துக்காக, அது தேர்ந்தெடுத்த பேச்சாளன் டேரில் மட்டுமே பேசுவான்; அவன் விட்டால்தான் வேறு யாரும். மற்றவர்கள் சிரிக்கக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. கைக்கு வேலை கொடுத்தால் முகம் அடங்கும் என்று பலர் பின்னல் ஊசியோடு வருவார்கள். ஜன்னலுக்கு வெளியே உறைந்த ஏரி. அதன் வெளிச்சம் பாலாய் உள்ளே வழிய, வெந்நீர்க் குழாய் முனக, ஊசிகள் மெல்ல உரச, பனிக்கட்டிக்கு அடியில் அசையாமல் கிடக்கும் மீன்களைப் போல எல்லாரும் இருந்தார்கள். அந்தக் கிறக்கத்தில்தான் துணை டீன் வித்தர்ஸ் வெட்டு விவரத்தை வாசித்தார். நடுவில் நாக்கு தடுமாறியது. வகுப்பில் யாராவது பதில் சொல்லத் திணறினால் 'சொல்லு, சொல்லு' என்று மாரித்தின் தலை தானாக ஆடும். அங்கேயும் ஆடிவிட்டது.

நிர்வாகத்தின் வக்கீல் கெஸ்லர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். "பின்வரிசையிலயே ஒத்துக்கிறாங்க போலிருக்கே!"

வெளியே வந்ததும் நோயெமி, "ஏண்டி, அவரு என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறாரு, நீ பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுறே?" என்று சிரித்தாள்.

"திணறினாருடி. பாவமா இருந்துச்சு."

"பாவம் பாக்கணும்னா என்னைப் பாரு." சிரிப்பு பாதியில் நின்றது.

மறுநாள் மாரித் டேரிலிடம் போனாள். "நான் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம். வித்தர்ஸும் ரொம்ப வருஷம் பாடம் நடத்தினவர்தானே? நோயெமியையே பேச விடேன். எழுதி வாசிக்க வேண்டாம். சேத்தைப் பத்திச் சொல்லட்டும்."

"சேத்தைப் பத்தியா?" டேரில் நெற்றியைத் தேய்த்தான். "சரி, நம்ம நிலைமையும் அதுலதானே கிடக்கு."

வியாழனன்று நோயெமி பேசினாள். ஏரிக்கு அடியில் ஒரு காடு படுத்திருக்கிறது என்றாள். பைன் மரங்கள் வந்ததையும் போனதையும் சொன்னாள். "பாதியில நான் போயிட்டா..." என்று தொடங்கியவளுக்குச் சொல் வரவில்லை. தொலைவில் பனிக்கட்டி விரிசல் விட்டு, திமிங்கலம் போல உறுமியது. ஊசிகள் நின்றன. எதிரே வித்தர்ஸின் தலை மெல்ல ஆடியது: சொல்லும்மா, சொல்லு.

"முன்வரிசையிலயே ஒத்துக்கிறாங்க போலிருக்கே, மேடம்" என்றான் டேரில்.

வித்தர்ஸ் காதுவரை சிவந்தார். கெஸ்லர் காகிதங்களை அள்ளினாள். "நாங்க கொஞ்சம் தனியா பேசணும்."

அவர்கள் போய் வெகுநேரம் ஆயிற்று. வெளிச்சம் நீலமாகி அறையே தண்ணீருக்குள் இறங்கியதுபோல் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்த வித்தர்ஸ், யாரையும் பார்க்காமல் சொன்னார்: இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஆறாம் ஆண்டு வேலை உண்டு. இனிமேல் சேருகிறவர்களுக்குக் கிடையாது.

நோயெமி மாரித்தின் கையை ஊசியோடு சேர்த்துப் பிடித்தாள். வலித்தது. மாரித் முகத்தை அசைக்கவில்லை.

"இனிமே வரப்போறவங்களை விட்டுட்டு நாங்க கையெழுத்துப் போட முடியாது. நாளைக்குப் பேசுவோம்" என்றான் டேரில்.

பிப்ரவரி 13, வியாழன். நோயெமிக்கு வேலை உண்டு என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். இன்று நான் தலையாட்டவில்லை என்று நினைக்கிறேன்; ஆட்டினாய் என்கிறாள் அவள். நாளை காலை கூட்டத்துக்கு, இனிமேல் வரப்போகிறவர்களுக்காக வந்து உட்கார, முதலாம் ஆண்டுக்காரர்களை அழைத்துப் போக வேண்டும். அறையில் நாற்காலி போதாது. என் வகுப்பிலிருந்து எடுத்துப் போக வேண்டும்.