அந்த வளைவால் ஒரு பயனும் இல்லை

எங்கள் வக்கீல் நீதிமன்றத்தில் அக்காவின் பாத்திர ஸ்டாண்டை வாய் வலிக்கத் திட்டிக்கொண்டிருந்தார்.

“அலை மாதிரி வளைஞ்சிருக்கே இந்தக் கம்பி, இதால எள்ளளவும் பிரயோஜனம் கிடையாதுங்க. நேர்க்கம்பியிலயும் தட்டு நிக்கும். இது சும்மா அழகுக்கு.”

அவர் எங்கள் பக்கம்தான். குற்றம் சட்டத்துடையது. பதிப்புரிமை அழகுக்கு மட்டுமே. வேலை செய்கிற வடிவத்துக்கு இல்லை. அதற்கு முன்கூட்டியே வேறு உரிமை வாங்கியிருக்க வேண்டும். அக்கா அப்போது கம்பி வளைத்துக்கொண்டிருந்தாள். ஆகவே வளைவு எவ்வளவு உதவாக்கரையோ, வழக்கு அவ்வளவு பலம். தோற்றால், ஸ்டாண்டை அப்படியே நகலடித்த பெரிய கம்பெனி பாதி விலைக்கு விற்றுக்கொண்டே இருக்கும். அக்காவின் பட்டறைக்குப் பூட்டுதான்.

வக்கீல் அவளுக்குப் பாடம் நடத்தியிருந்தார்.

“எதுக்கு வளைச்சீங்க?”

“அழகுக்கு.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல சார்.”

பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்கிறவள் போலச் சொன்னாள். ஆனாலும் சொன்னாள்.

இப்போது அக்கா சாட்சிக் கூண்டில் நின்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கடித்துக் குதறப்போகிறார் என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவரோ ஸ்டாண்டைப் பச்சைக் குழந்தை போல இரண்டு கையாலும் தூக்கினார்.

“அம்மா, இப்படி ஒரு மூளைய நான் பார்த்ததே இல்ல.”

எனக்குப் பகீரென்றது. அந்த ஸ்டாண்டைப் பற்றி அதுவரை வந்த ஒரே விமர்சனம் அக்கா புருஷனான மாமாவுடையது: “கம்பி கோணிக்கிட்டுப் போகுதே, கவனிக்கலையா?”

“எங்க வீட்லயும் இதான் இருக்கு,” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். அசலா நகலா என்று சொல்லவில்லை. “ஒரு சொட்டுத் தண்ணி தேங்கல. எப்படிம்மா?”

எங்கள் வக்கீல் கண்ணை உருட்டினார். நான் இருமினேன். மாமா மட்டும், “கேக்குறாருல்ல, சொல்லேன்,” என்று ஊக்கப்படுத்தினார்.

“அழகுக்குத்தான்…” என்று இழுத்தாள் அக்கா.

“ஓ, தானா அமைஞ்சதா? பரவால்லம்மா. குருட்டு அதிர்ஷ்டமும் வேணும்ல.”

“என்னது, குருட்டு அதிர்ஷ்டமா?” அக்கா கூண்டின் கட்டையைத் தட்டினாள். “இந்தப் பள்ளத்துலதான் சார் தண்ணி வழிஞ்சு மூலைக்குப் போகுது. இந்த மேடு இல்லன்னா டம்ளர் உருண்டு விழும். இத ஒரு விரக்கடை குறைச்சுப் பாருங்க, தட்டெல்லாம் ஒட்டிக்கிட்டு நாறும். இதுல ஒரு வளைவுகூட வெட்டியா நிக்கல!”

நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை விடாமல். எங்கள் வக்கீல் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

முகமெல்லாம் வெளிச்சமாக இறங்கி வந்த அக்கா என் பக்கத்தில் அமர்ந்தாள்.

“ஏன்டா எல்லாரும் இடி விழுந்த மாதிரி இருக்கீங்க? சரியாத்தானே சொன்னேன்?”

எதிர்த்தரப்பு வக்கீல்தான் திரும்பி, மிகுந்த மரியாதையுடன் பதில் சொன்னார்.

“எங்க கம்பெனிக்காக இதவிட நல்லா நானே வாதாடியிருக்க முடியாதும்மா.”

அக்காவின் கை மெல்ல எழுந்து அவள் வாயைப் பொத்தியது.