மாறிப்போன மொட்டை

"நிறுத்துங்க. வண்டிய நிறுத்துங்க."

ஓடுகிற பஸ்ஸின் படிக்கட்டுக்கே வந்துவிட்டாள் ரஞ்சிதம். ஒரு கை கம்பியில். இன்னொரு கை, இடுப்பில் இருந்த மொட்டைத் தலைக் குழந்தையின் முதுகில். கண்டக்டர் விசிலை ஊத மறந்து அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, பள்ளிப்பட்டுக்கு டிக்கெட் வாங்கிட்டு கே.ஜி.கண்டிகையில எறங்குறேன்றியே. இன்னா சமாச்சாரம்?"

"இது என் பிள்ள இல்லீங்க."

பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேச்சும் அறுந்தது. அப்புறம் விசில் கேட்டது.

வண்டி ஓரம் கட்டியதும் முதல் ஆளாகக் குதித்தாள். பின்னால் அவள் கணவன் பாலசுப்பிரமணியன், இரண்டு பைகளும் ஒரு கூஜாவுமாக. அவனுக்குப் பின்னால் அவனுடைய அக்கா மனோரமா, புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இறங்கும்போதே தன் தரப்பு வாதத்தைத் தொடங்கியபடி.

"எல்லா மொட்டையும் ஒரே மாதிரி இருந்தா நான் இன்னா பண்ணுவேன்? எல்லா தலையிலயும் சந்தனம். எல்லா இடுப்புலயும் மஞ்ச துண்டு. தூங்கிகினு இருக்கிற பிள்ளைக்கு முகம்னு ஒண்ணு இருக்குதா, சொல்லு."

ரஞ்சிதம் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். திருத்தணி திசையில் போகிற வண்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தார் ரோடு வெயிலில் தண்ணீர் தேங்கியதுபோலப் பளபளத்தது.

நடந்தது இதுதான். அது எழுபத்து நாலாம் வருஷம், சித்திரைக் கிருத்திகை. அவர்கள் வீட்டு நெசவுத் தறியில் பழைய பாவு நூல் தீர்ந்து, புதுப் பாவு ஏற்றுவதற்குள் கிடைத்த ஒரு நாள். மகன் இளங்கோவனுக்கு முதல் மொட்டை போட மூவரும் காலையிலேயே திருத்தணிக்கு வந்துவிட்டார்கள். அடிவாரத்துக் குளக்கரையில் நாவிதர் கத்தியை ஓட்டி முடித்ததும் தலையைத் திருப்பிக் காட்டினார். "ரெட்டைச் சுழிம்மா. ரெண்டு கல்யாணம் பண்ணுவான்." பாலசுப்பிரமணியன், "ஒண்ணுக்கே நான் படுற பாடு போதாதா" என்றான். மனோரமா வரைக்கும் சிரித்தாள்.

மலை ஏறி, கும்பிட்டு, புளியோதரை சாப்பிட்டு, வெயிலுக்குப் பயந்து கோயில் பக்கத்து மண்டபத்தில் எல்லாரும் சாய்ந்தார்கள். கல்தரை குளுகுளுவென்றிருந்தது. வந்த குடும்பங்களெல்லாம் பிள்ளைகளை வரிசையாக அங்கேதான் தூங்கப் போட்டிருந்தன. சந்தனம் பூசிய மொட்டைகள், சந்தையில் அடுக்கிய மஞ்சள் பூசணி மாதிரி. அந்த வரிசையிலிருந்துதான், "பஸ் போயிடும், கிளம்புங்க" என்ற அவசரத்தில், மனோரமா ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பஸ்ஸில் குழந்தை தலையைச் சொறிந்தது. காய்ந்த சந்தனம் உறுத்துகிறது போலும் என்று ரஞ்சிதம் தன் மடிக்கு வாங்கி, ஈரத் துணியால் துடைத்தாள். உச்சந்தலையில் ஒற்றைச் சுழி.

அப்போதும் அவள் கத்தவில்லை. குழந்தை விழித்து அவளைப் பார்த்தது. யாரோ ஒரு புது ஆள் என்று கண்டுகொண்டது. உதடு பிதுங்கியது. பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து அதன் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"லாரி வருது," என்றான் பாலசுப்பிரமணியன்.

ரஞ்சிதம் நடு ரோட்டில் போய் நின்றாள். மாங்காய் மூட்டை ஏற்றிய லாரி, பிரேக் அலறி, அவள் முன்னால் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டுவதற்கு வாயைத் திறந்தார்.

"அண்ணே, அப்புறம் திட்டிக்குங்க. பிள்ள மாறிப்போச்சு. இது வேற வூட்டுப் பிள்ள. என்னுது மலையில இருக்குது. அவங்க ரயிலுக்குப் போறவங்க. ரயில் கிளம்புறதுக்குள்ள நான் போவணும்."

டிரைவர் வாயை மூடினார். "ஏறு தங்கச்சி," என்றார்.

அவர்கள் ரயிலுக்குப் போகிறவர்கள் என்று எப்படித் தெரியும்? மண்டபத்தில் பக்கத்திலிருந்த குடும்பத்தின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. அரைத் தூக்கத்தில் காதில் விழுந்த ஓர் ஆண்குரல் மட்டும் நினைவிருந்தது. தெலுங்கில், ரேணிகுண்டா ரயிலுக்கு நேரமாகிறது என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்த குரல். ஆந்திர எல்லையோரத்துப் பள்ளிப்பட்டுக்காரிக்குத் தெலுங்கு புரியாமல் போகுமா? ரயில் ஏறிவிட்டால் எந்த ஸ்டேஷன், எந்த ஊர், எந்தத் தெரு என்று தேடுவது?

மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்த மனோரமா கேவிக் கேவி அழ ஆரம்பித்தாள். "என்னைத் திட்டேன், ரஞ்சிதம். ஒரு வார்த்த திட்டிடேன்."

"திட்டிகினு இருந்தா நேரம் போவும், அண்ணி. பிள்ளய நல்லாப் பிடிச்சுக்குங்க. முறுக்கு தீர்ந்தா இன்னொண்ணு குடுங்க."

பாலசுப்பிரமணியன் தன் மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். ராட்டையில் நூல் அறுந்தால்கூட அவனைக் கூப்பிடுகிறவள்.

பஸ் ஸ்டாண்டில் அவன் இறங்கிக்கொண்டான், ஒருவேளை பஸ்ஸில் போகிறவர்களாக இருந்தால் என்று. லாரி ஸ்டேஷன் வாசலில் நின்றபோது ரயில் ஏற்கெனவே பிளாட்பாரத்தில் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரஞ்சிதம் முதல் பெட்டிக்குள் ஏறினாள். கிருத்திகைக் கூட்டம் முழுக்க அங்கேதான் இருந்தது. எங்கு திரும்பினாலும் மொட்டை. மடியில் மொட்டை, பலகையில் மொட்டை, ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டு ஒரு மொட்டை.

அவள் ஒவ்வொன்றின் தாடையையும் பிடித்துத் திருப்பினாள். உச்சியைப் பார்த்தாள். அடுத்ததற்குப் போனாள்.

"இன்னாம்மா, மொட்ட கணக்கு எடுக்க சர்க்கார்ல அனுப்பினாங்களா?" என்றார் ஒரு பெரியவர். பெட்டி சிரித்தது.

"பிள்ள மாறிப்போச்சு, அய்யா. என் பிள்ளைக்கு ரெட்டைச் சுழி."

சிரிப்பு நின்றது. அடுத்த நொடி அந்தப் பெட்டியில் நடந்ததை ரஞ்சிதம் ஆயுசுக்கும் மறக்கவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அம்மாக்கள் அவரவர் பிள்ளையை எழுப்பி, தலையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். சந்தனம் இருந்த தலைகளை முந்தானையால் துடைத்தார்கள். சிரித்த பெரியவரே அடுத்த பெட்டிக்கு ஓடி, "ரெட்டைச் சுழி யாருக்கு? ரெட்டைச் சுழி?" என்று குரல் கொடுத்துக்கொண்டு போனார். ஒரு பெண், "எம் பிள்ளைக்கும் ரெட்டைதான், நல்லாப் பாரும்மா, என்னுதுதானான்னு எனக்கே பயமா இருக்குது" என்றாள்.

விசில் கேட்டது. ரஞ்சிதம் இன்னும் கடைசிப் பெட்டியைப் பார்க்கவில்லை. பிளாட்பாரத்தில் மனோரமா கார்டின் முன்னால் போய்க் கும்பிட்டு நின்றுவிட்டாள். என்ன சொன்னாளோ தெரியாது. சட்டம் பேசிப் பழகிய அந்த மனிதர் பச்சைக் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, "சீக்கிரம் பாருங்கம்மா" என்றார்.

கடைசிப் பெட்டியிலும் இல்லை.

ரயில் போயிற்று. வெறும் தண்டவாளம் வெயிலில் மின்னியது. இடுப்பிலிருந்த குழந்தை இப்போதுதான் முழுக்குரலில் அழத் தொடங்கியது. ரஞ்சிதம் அதன் முதுகைத் தட்டினாள். "உன் அம்மாவும் இப்படித்தான்டா எங்கனாச்சும் ஓடிகினு இருப்பா," என்றாள்.

பஸ் ஸ்டாண்டிலும் இல்லை என்ற சேதியோடு பாலசுப்பிரமணியன் எதிரே ஓடிவந்தான். "போலீசுக்குப் போவலாம்."

"அது இருக்குது. முதல்ல அடிவாரம். அங்க கேட்டுட்டுப் போவலாம்."

அடிவாரத்தில் பூ விற்கும் கன்னியம்மாளுக்குத் தெரியாமல் அந்த மலையில் ஒரு குரங்குகூட ஏறி இறங்கியதில்லை. ரஞ்சிதம் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தட்டினாள்.

"நீதானா அது? ஒரு ஆளு பைத்தியம் மாதிரி ஏறிகினும் எறங்கிகினும் இருக்கிறாரு. தெலுங்கு ஆளு. பிள்ள மாறிப்போச்சுன்னு எங்கிட்டயே நாலு தடவ கேட்டுட்டாரு. இப்பதான் ஸ்டேஷன் பக்கம் ஓடினாரு."

"பிள்ள அவர்கிட்டயா இருக்குது?"

"இல்ல. சம்சாரம்கிட்ட. அவ மேல மண்டபத்துலயே குந்திகினு இருக்கிறாளாம். எறங்கவே மாட்டேன்றாளாம். மரமண்டைன்னு திட்டிகினே ஓடினாரு."

ரஞ்சிதம் கும்பிடக்கூட நிற்கவில்லை. படியில் கால் வைத்தாள். வெயிலில் காய்ந்த கல் பாதத்தைச் சுட்டது. பாலசுப்பிரமணியன் குழந்தையை வாங்கக் கை நீட்டினான். அவள் தரவில்லை. ஒரு பிள்ளையைக் கைமாற்றிப் பட்டது போதும் என்று அவளுக்கு இருந்தது.

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. தூண் நிழல்கள் நீண்டிருந்தன. மத்தியானம் பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்த அதே இடத்தில், கூட்டம் போன பிறகும் ஒருத்தி மட்டும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு. நீட்டிய கால்களின்மேல் இளங்கோவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள் அவள். அவன் உதட்டோரம் மோரின் வெள்ளைத் தடம். அவளுடைய உதடோ வெடித்துக் காய்ந்திருந்தது.

ரஞ்சிதத்தின் இடுப்பிலிருந்த குழந்தை, "அம்மா" என்று பாய்ந்தது.

உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்தது. ஆனாலும் முதலில் தன் பிள்ளைக்குக் கை நீட்டவில்லை. மடியிலிருந்தவனை இரு கையாலும் மெதுவாகத் தூக்கினாள்.

"தூங்குறான்க்கா. அலுங்காம வாங்கு. முழிச்சா உன்னைத்தான் கேக்குறான்."

அப்புறம்தான் தன் மகனை வாங்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது நிற்க வெகுநேரம் ஆனது. மனோரமா அவள் காலருகில் உட்கார்ந்து, "என் தப்பும்மா, என் தப்பு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்தில் தேங்காய் மூடி பொறுக்கிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் தானாகச் சொன்னார்:

"இந்தப் பொண்ணு இங்கேர்ந்து அசையல. போலீசுக்குப் போன்னு சொன்னோம், கீழ போய்ப் பாருன்னு சொன்னோம். எல்லாரும் திட்டிப் பார்த்தாச்சு. தோ, அந்தத் தூணுக்கு அந்தாண்ட பானை, தண்ணி இருக்குது. அதுக்குக்கூட எந்திரிக்கல. பிள்ளைக்கு மட்டும் போறவங்ககிட்ட கேட்டு மோர் வாங்கிக் குடுத்தா."

பாலசுப்பிரமணியன் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். சொம்பை ஒரே மூச்சில் காலி செய்தாள். பெயர் எல்லம்மாள் என்றாள். நகரிப் பக்கத்துக் கிராமம்.

அப்போது படியேறி ஓர் ஆள் வந்தார். சட்டை முழுக்க வியர்வை. எல்லம்மாளின் கணவர் பங்காரு. மகனைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். குழந்தை, "நைனா" என்று கையை நீட்டியது. வாங்கிக்கொண்டு, ஆண்பிள்ளை என்ற வெட்கம் இல்லாமல் அழுதார்.

"ஸ்டேஷனுக்கு ரெண்டு தடவ ஓடினேன்மா. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். குளத்தாண்ட ஓடினேன். இவ மட்டும் கல்லு மாதிரி குந்திகினு இருக்கிறாளேன்னு கைய ஓங்கிட்டேன். இவ எந்திரிச்சு வந்திருந்தா ரெண்டு பேரா தேடியிருப்போம்."

"வந்திருந்தா நான் இவளப் பார்த்திருக்கவே மாட்டேன்," என்றாள் ரஞ்சிதம். "நீங்களும் ஸ்டேஷன், நானும் ஸ்டேஷன். நீங்களும் பஸ் ஸ்டாண்ட், இவரும் பஸ் ஸ்டாண்ட். ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் படலியே."

அவள் எல்லம்மாளின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். மண்டபமே திட்டியும் எழுந்திராதவள். தன்னால் முடிந்திருக்குமா? முடிந்திருக்காது. பிள்ளை இல்லை என்று தெரிந்த பிறகு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். ஓடியது பெரிய காரியமில்லை. கால் தானாக ஓடியது. இவள் தன் காலைக் கட்டி வைத்திருக்கிறாள்.

"எப்படிம்மா உன்னால முடிஞ்சுது?" என்று கேட்டாள். "நாங்க திரும்பி வருவோம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எல்லம்மாள் அவளைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள். பங்காருவின் அழுகை சட்டென்று நின்றது. ஏதோ ஒன்று வரப்போகிறது என்று அவருக்கும் தெரிந்தது போலிருந்தது.

"இவனுக்கு மேல ஒருத்தன் இருந்தான்க்கா," என்றாள். "ஒரு தேர்த் திருநாள்ல கை நழுவிப் போயிட்டான். இவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ராவும் பகலும் ஓடினோம். கிடைக்கல. அதுவரைக்கும் இவருக்குத் தெரியும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள்.

"மறுநாள் அங்க பொரி விக்கிற அம்மா ஒண்ணு சொன்னா. அத நான் யார்கிட்டயும் சொல்லல, பாவா. உன்கிட்டகூட. பிள்ளய ஒரு பெரியவரு கண்டுபிடிச்சிருக்காரு. நாம குந்திகினு இருந்த மரத்தடியத்தான் அவன் கையக் காட்டியிருக்கான். அங்கயே கூட்டியாந்து, பொழுது சாயுற வரைக்கும் அவனப் பிடிச்சுகினு நின்னாராம். அப்புறம் எங்க கூட்டிகினு போனாரோ, அவளுக்கும் தெரியல."

பங்காரு மகனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அங்க நான்தான் இல்ல."